கூரைக்கு உள்ளே, கூரைக்கு வெளியே: கன்வேயர் வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு

கன்வேயர், அதாவது சரக்கைச் சுமந்து நகரும் ஓடு பட்டை, போடவேண்டும் என்று கூப்பிடுகிறவர் முதலில் நீளத்தைத்தான் சொல்வார். "முப்பது அடி இருக்கும் தம்பி, எவ்வளவு ஆகும்?" புதுவயல் அரிசி ஆலையாக இருந்தாலும், காரைக்குடியில் பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் கூடமாக இருந்தாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த முப்பது அடியைக் குறித்துக்கொண்டு நேரே வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள். மோட்டார், டிரம், ரோலர் எல்லாம் கணக்குப்படி சரியாகவே இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் பெல்ட் வழுக்கும். ஆடிக் காற்றில் செம்மண் புழுதி பேரிங்குக்குள் போய்ச் சத்தம் போடும். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தால், முதலிலேயே நன்றாகச் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் கூடுதலாகும்.

உள்ளே போடுவது, வெளியே போடுவது என்று பிரிக்கும்போது கூரையை வைத்துப் பிரிக்காதீர்கள். ஈரம், தூசி, வெயில், காற்று ஆகிய நான்கும் கன்வேயரின் எந்த இடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். நெல் அவிக்கும் கொட்டகைக்கு நல்ல கூரை உண்டு. ஆனால் ஆவியும் சூடும் ஈர நெல்லும் சேர்ந்து, ஆலையிலேயே சீக்கிரம் துருப்பிடிப்பது அங்கே ஓடும் கன்வேயர்தான். கூரையே இல்லாத நெற்களத்து ஓரத்தில், சித்திரை வைகாசியில், அதைவிடச் சுகமாக ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் தானாக வரிசைக்கு வரும்.

முதல் படி: பாதையை நடந்து பாருங்கள்

டேப்பை எடுப்பதற்கு முன்னால், சரக்கு புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை நடங்கள். ஆலை ஓடும் நேரத்தில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை. ஒரே கன்வேயர் குடோனுக்குள் தொடங்கி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி லாரி நிற்கும் இடத்தில் முடியலாம். அது ஒரு கன்வேயர் இல்லை, வேறு வேறு சூழலில் ஓடும் மூன்று துண்டுகள். ஒரு தாளில் கோடு போட்டு, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்: மழை நேராக விழுமா, சாரல் மட்டுமா? மேற்கு வெயில் படுமா? கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் எங்கே விழுகிறது? தூசி எந்தப் பக்கமிருந்து வருகிறது?

சுவரைத் தாண்டும் இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். மழைக்காலத்தில் வெளியே நனைந்த பெல்ட் அடிப்பக்கமாகத் திரும்பி வரும்போது தண்ணீரையும் உள்ளே கொண்டுவரும். குடோனில் அடுக்கிய மூட்டை நனைய அது போதும். அந்த இடத்தில் பெல்ட்டை வழிக்கும் ரப்பர் பட்டையும், சொட்டுவதைப் பிடித்து வெளியே விடும் தகட்டுத் தொட்டியும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

முதலாளியிடம் பேசுவதோடு நிறுத்தாமல் மூட்டை தூக்கும் அண்ணன்மாரிடமும் பேசுங்கள். எந்த மாதத்தில் வேலை அதிகம், லாரி எந்தப் பக்கமாகப் பின்னால் வரும், மழை பெய்தால் தண்ணீர் எதுவரை தேங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

இரண்டாம் படி: சரக்கை அளந்துகொள்ளுங்கள்

எடையை வைத்து மோட்டாரை முடிவு செய்யுங்கள், கனஅளவை வைத்து பெல்ட் அகலத்தை முடிவு செய்யுங்கள். இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உமிதான் நல்ல உதாரணம்.

காய்ந்த நெல் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ. உமி 100 கிலோவை ஒட்டி இருக்கும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. மணிக்கு 5 டன் நெல் அரைக்கும் ஆலையில் 1 டன் உமி வரும். கனஅளவில் பார்த்தால் அந்த 5 டன் நெல் 9 கனமீட்டருக்குள் அடங்கிவிடும், 1 டன் உமி 10 கனமீட்டர் பிடிக்கும். "உமிதானே, சின்னதாகப் போடுங்கள்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டால் ஹாப்பர் (சரக்கைக் கொட்டும் புனல் தொட்டி) வாயிலேயே அடைத்துக்கொள்ளும். உமியில் சிலிக்கா அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். எடை குறைவாக இருந்தாலும், சூட் (சரக்கு சரிந்து விழும் தகட்டுக் குழாய்) திரும்பும் இடத்துத் தகட்டை அது தேய்த்து ஓட்டையாக்கிவிடும். அந்த வளைவில் மட்டும் கழற்றி மாட்டும்படி தடிமனான தகடு வையுங்கள்.

அட்டவணையில் இருக்கும் எண்களை அப்படியே எடுக்காமல், ஒரு 20 லிட்டர் டின்னில் அவர்களுடைய சரக்கையே நிரப்பி எடை போடுங்கள். காய்ந்த நெல் 11, 12 கிலோ காட்டும். ஊறி அவிந்த நெல் அதைவிட நன்றாகவே கனக்கும். வேலை பத்து நிமிஷம்தான், பிற்பாடு வரும் வாக்குவாதம் மிச்சம்.

மூன்றாம் படி: வேகம், அகலம், சாய்வு

மொத்தமாகக் கொட்டி ஓட்டும் சரக்குக்குக் கணக்கு எளிது. மணிக்கு 20 டன் நெல் போகவேண்டும் என்றால், கனமீட்டருக்கு 575 கிலோ வீதம் சுமார் 35 கனமீட்டர். நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் வைத்தால், பெல்ட் மீது நெல் குவியலின் குறுக்கு வெட்டு 65 சதுர சென்டிமீட்டர் இருந்தால் போதும். 400 மி.மீ. அகல பெல்ட்டைத் தொட்டிபோல 20 டிகிரி மடக்கி ஓட்டினால் தாராளமாகக் கொள்ளும். பெல்ட்டின் முழு அகலத்திலும் சரக்கு நிற்காது. அகலத்தில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்து அதில் 50 மி.மீ. கழித்தால் வருவதுதான் உபயோகமாகும் அகலம். 400க்கு 310 மி.மீ. இந்தக் கணக்குகளுக்கு ஐ.எஸ். 11592 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலில் இருக்கும்வரை கைகொடுக்கும்.

வெளியில் ஓடும் பெல்ட்டுக்கு வேகத்தைக் குறையுங்கள். உள்ளே 2 மீட்டர் வேகத்தில் ஒழுங்காகப் போகும் தவிடும் உமியும், வெளியே காற்று எதிரே அடித்தால் பாதி பறந்துவிடும். உமியை வெளியே திறந்த பெல்ட்டில் கொண்டுபோவதையே நான் ஒப்புக்கொள்வதில்லை. திருகு சுற்றிச் சரக்கைத் தள்ளும் மூடிய ஸ்குரூ கன்வேயரோ, குழாயில் ஊதி அனுப்பும் ஏற்பாடோ போடுங்கள். பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாய்வுக்கு வழுவழுப்பான பெல்ட்டில் நெல்லுக்கு 15 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மூட்டைக்கு, சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள பெல்ட் என்றால் 20 டிகிரி தாண்டியும் போகலாம். சணல் சாக்கு பிடித்து நிற்கும். பிளாஸ்டிக் நெசவுப் பை வழுக்கும், நனைந்தால் இன்னும் வழுக்கும். எந்தச் சாக்கு என்று கேட்காமல் சாய்வை முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் படி: ஒரு மூட்டைக் கன்வேயருக்கு முழுக் கணக்கு

இந்தப் பக்கம் நீங்கள் அதிகம் போடப்போவது லாரிக்கு ஏற்றும் மூட்டைக் கன்வேயர். அதனால் அதை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். நீளம் 10 மீட்டர், ஏற்றம் 3 மீட்டர், அதாவது பதினேழரை டிகிரி சாய்வு. 50 கிலோ மூட்டை, நிமிஷத்துக்கு 10. வேகம் நொடிக்கு 0.6 மீட்டர்.

ஆறு நொடிக்கு ஒரு மூட்டை வைத்தால் இரண்டு மூட்டைக்கு நடுவே 3.6 மீட்டர் இடைவெளி. பெல்ட்டில் ஒரு நேரத்தில் மூன்று மூட்டைதான் இருக்கும், 150 கிலோ. ஆனால் நடப்பது அப்படியல்ல. மேலே இறக்குகிறவர் தார்ப்பாயைச் சரிசெய்யப் போவார், கீழே இருப்பவர் வைத்துக்கொண்டே இருப்பார், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். திரும்பக் கரண்ட் வரும்போது பெல்ட் முழுக்க மூட்டை. எனவே மீட்டருக்கு ஒன்று என்று 10 மூட்டை, 500 கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள்.

500 கிலோவின் எடை விசை 4905 நியூட்டன். அதை மேலே இழுக்க மட்டும் சுமார் 1470 நியூட்டன் வேண்டும். பெல்ட் தகட்டின் மேல் உரசிக்கொண்டு ஓடினால், உராய்வு 0.3 என்று வைத்து, இன்னும் 1400. மொத்தம் 2870 நியூட்டன், வேகத்தால் பெருக்கினால் 1.7 கிலோவாட். கியர்பாக்ஸ், செயின் இழப்பெல்லாம் சேர்த்து முக்கால் பங்குதான் பெல்ட்டுக்கு வந்து சேரும் என்று வைத்தால் மோட்டார் 2.3 கிலோவாட் தரவேண்டும். 3 ஹெச்.பி. என்பது 2.2 கிலோவாட். பற்றாது, 5 ஹெச்.பி.க்குப் போகவேண்டும்.

இப்போது தகட்டுக்குப் பதிலாக ரோலர் வையுங்கள். உராய்வு 0.05. இழுவை 1700 நியூட்டனுக்கு இறங்கிவிடும். மோட்டாருக்கு 1.4 கிலோவாட்டுக்குள் வரும். பெல்ட்டின் சொந்த எடையையும் சேர்த்து 3 ஹெச்.பி. போட்டால் நிம்மதி. ரோலர் விலை கூடுதல்தான், ஆனால் மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் அவரே முடிவெடுப்பார். வெளியில் ஓடும் கன்வேயருக்கு ரோலரே வைக்க இன்னொரு காரணமும் உண்டு: தகட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே செம்மண் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பெல்ட் தேயும். ஒவ்வொரு மூட்டையின் கீழும் எப்போதும் மூன்று ரோலராவது இருக்கவேண்டும். 80 செ.மீ. மூட்டை என்றால் 25 செ.மீ.க்கு ஒரு ரோலர்.

டிரம் 200 மி.மீ. விட்டம் என்றால் 0.6 மீட்டர் வேகத்துக்கு நிமிஷத்துக்கு 57 சுற்று. மோட்டார் 1440 சுற்று. ஆக கியர்பாக்ஸ் விகிதம் 25க்கு 1. மோட்டாரால் சுற்றும் டிரைவ் டிரம்மை மேல் முனையில், சரக்கு விழும் பக்கத்தில் வையுங்கள்.

கரண்ட் போனதும் ஏறிக்கொண்டிருந்த மூட்டைகள் பின்னோக்கிச் சரியாமல் இருக்க பிரேக் மோட்டாரோ பேக்ஸ்டாப்போ (டிரம் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் பூட்டு) கட்டாயம். வார்ம் கியர்பாக்ஸ் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். பழகித் தேய்ந்த பிறகு, அதிர்வும் சேர்ந்தால், பிடிக்கும் என்று நம்ப முடியாது. கீழே மனிதர் நிற்கிறார்.

ஐந்தாம் படி: பெல்ட்டும் டிரம்மும், மழையில்

மழை நாளில் டிரம் சுற்றும், பெல்ட் நிற்கும். வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 1700 நியூட்டன் இழுவைக்கு, பெல்ட் டிரம்மைப் பாதி சுற்றித் தழுவியிருக்கும்போது, வெறும் இரும்பு டிரம் காய்ந்திருந்தால் உராய்வு 0.35. பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில் 850 நியூட்டன் இறுக்கம் இருந்தால் போதும். அதே டிரம் நனைந்தால் உராய்வு 0.1க்கு விழும், 4600 நியூட்டன் இறுக்கம் கேட்கும். உடனே ஆட்கள் டென்ஷன் போல்ட்டை முறுக்குவார்கள். பெல்ட் ஜாயின்ட் விரியும், டிரம் ஷாப்ட் வளையும், பேரிங் போகும். டிரம்முக்குக் குறுக்கு வரிப்பள்ளம் போட்ட ரப்பர் உறை மாட்டினால், சேறும் ஈரமும் இருந்தால்கூட 0.25 கிடைக்கும், 1430 நியூட்டனோடு வேலை முடியும். வெளியே ஓடும் எந்தக் கன்வேயருக்கும் ரப்பர் உறை இல்லாத டிரைவ் டிரம் வைக்காதீர்கள்.

பெல்ட்டின் உள்துணி பாலியஸ்டரோ நைலானோ இருக்கட்டும். பருத்தித் துணி ஈரத்தில் மக்கிவிடும். மேல் ரப்பருக்கு ஐ.எஸ். 1891 தரநிலையில் எம் 24, என் 17 என்று வகைகள் உண்டு. மூட்டைக்கும் நெல்லுக்கும் என் 17 போதும். ஜல்லி, கருங்கல் போன்ற சரக்குக்கு எம் 24. வெயிலில் கிடக்கும் ரப்பர் மேலோட்டமாக வெடிக்கும். பி.வி.சி. பெல்ட் உச்சி வெயிலில் இளகும், போகப்போக விறைத்துவிடும். அதனால் வெளியே ரப்பர், நிழலில் பி.வி.சி. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: சட்டம், பெயின்ட், மேல்மூடி

துருவைப் பற்றியும் ஆராயும், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், துருவின் மேலேயே ஒரு கோட் ரெட் ஆக்சைடு அடித்து அனுப்பும் பழக்கம் போகவேண்டும். வெளியே நிற்கும் இரும்புச் சட்டத்தைச் சுத்தமாக பிளாஸ்ட் செய்து (துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்கி), எப்பாக்சி பிரைமர் அடித்து, மேலே பாலியூரிதேன் பெயின்ட் அடியுங்கள். எப்பாக்சியையே மேல் பூச்சாக விட்டால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி மாவாக உதிரும். உள்ளே என்றால் எப்பாக்சி மட்டும் போதும். அவிப்புக் கொட்டகைக்கும், தொண்டிப் பக்கம் கடற்கரை நெருங்க நெருங்கவும், ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்துவிடுவது நல்லது. சேனலை (‘ப’ வடிவ இரும்பை) படுக்க வைக்கும்போது வாய் மேலே பார்த்தபடி வைக்காதீர்கள், தண்ணீரும் தவிடும் தேங்கி அழுகும். வேறு வழியில்லை என்றால் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள்.

இரும்பு நீளும். 30 மீட்டர் சட்டம், விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 11 மி.மீ. நீளும். ஒரு முனையை இறுக்கிப் போல்ட் போட்டு, மற்ற கால்களில் நீள்வட்ட ஓட்டை விடுங்கள். சுவரைத் தாண்டும் இடத்தில் சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள், சுவர்தான் வெடிக்கும்.

மேல்மூடிக்கு அரைவட்டத் தகடு நல்லது, ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கும்படி. காற்றுக்குக் கணக்குப் போடாமல் தகடு மாட்டாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் கூரைத் தகடுகளை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் காற்று வேக வரைபடம் இருக்கிறது. உங்கள் இடத்துக்கான எண்ணை அதிலிருந்து எடுங்கள். காலியாக நிற்கும் பெல்ட்டையும் காற்று தூக்கும், பக்கவாட்டில் தடுப்பு வையுங்கள்.

ஏழாம் படி: மோட்டாரும் வயரும்

சாதாரண மோட்டார்கள் சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. நம் கோடையில் நிழலிலேயே அந்த அளவை நெருங்கிவிடும், வெயில் நேராகப் பட்டால் கேட்கவே வேண்டாம். மோட்டாருக்கு மேலே ஒரு தகட்டுக் குடை வையுங்கள். விசிறிப் பக்கம் காற்று போக இடம் விடுங்கள். தூசியும் தண்ணீரும் மோட்டாருக்குள் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐ.பி. எண். ஐ.பி. 55 உள்ளே போதும், வெளியே ஐ.பி. 65 கேளுங்கள். சுவிட்ச் பெட்டியில் வயர் நுழைவது எப்போதும் அடிப்பக்கமாக. மேலே ஓட்டை போட்டால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

குடோனுக்குள் எலி. வயரை இரும்புக் குழாயில் விடுங்கள்.

எட்டாம் படி: உள்ளே இருக்கும் தனிச் சிக்கல்கள்

நெல் தூசி காற்றில் அடர்ந்து நின்றால் தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. பெல்ட் மாறும் இடங்களில்தான் தூசி கிளம்பும். அங்கே மூடி போட்டு, தூசியை உறிஞ்சிச் சைக்ளோனுக்கு (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்புத் தொட்டி) அனுப்புங்கள். சட்டத்துக்கு எர்த், நிலைமின் சேராத பெல்ட், நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் பெல்ட் விலகினால் நிறுத்தும் சென்சார் ஆகியவை செலவைக் குறைக்கும் பட்டியலில் வரக்கூடாது.

பலகாரக் கூடம் வேறு உலகம். தேன்குழலும் சீப்புச் சீடையும் எண்ணெயிலிருந்து எடுத்ததும் பாக்கெட்டுக்குப் போனால் உள்ளே ஆவி படிந்து நமுத்துவிடும். எனவே அங்கே கன்வேயரின் வேலை ஆறவைப்பது. வேகம் மிகக் குறைவாக, காற்று கீழிருந்தும் வரும்படி கம்பிவலைப் பெல்ட் போடலாம். பாக்கெட் பக்கம் உணவுக்குரிய பாலியூரிதேன் பெல்ட் நல்லது. பி.வி.சி. பெல்ட் எண்ணெய் பட்டால் நாளாக நாளாக விறைத்து வெடிக்கும். சட்டம் 304 ஸ்டெயின்லெஸ், உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் 316. வெல்டிங் முடிச்சுகளைத் தேய்த்து மழமழவென்று ஆக்குங்கள். மாவுத் துணுக்கு ஒட்டிக்கொள்ள இடமிருந்தால் கரப்பானுக்கும் இடமிருக்கும். தினமும் கழுவுவார்கள் என்பதால் மோட்டார் இங்கேயும் ஐ.பி. 65.

ஒன்பதாம் படி: ஆட்களின் கை கால்

நம் பக்கத்தில் வேட்டி, லுங்கி, சேலை, துண்டோடுதான் வேலை செய்வார்கள். பெல்ட் டிரம்மைத் தொடும் இடம் துணியின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். இரண்டு முனை டிரம்முக்கும், செயினுக்கும், ஆள் உயரத்தில் இருக்கும் கீழ் ரோலருக்கும் கம்பி வலைத் தடுப்பு போடுங்கள். ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. தடுப்பைக் கழற்றாமலேயே கிரீஸ் அடிக்கும்படி நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் முனையை) சிறு குழாய் வைத்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் முதல் வாரமே தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவார்கள்.

கன்வேயரின் இரு பக்கமும் நீள நெடுக இழுவைக் கயிறு. எங்கே நின்று இழுத்தாலும் நிற்கவேண்டும். கயிற்றை விட்டதும் தானாக ஓடத் தொடங்கக்கூடாது, சுவிட்சைக் கையால் மீட்டமைத்த பிறகுதான் ஓடவேண்டும். கரண்ட் போய்த் திரும்பினாலும் அப்படித்தான். இதற்கு மட்டும் பணம் குறைக்கச் சொன்னால், அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: ஓட்டிப் பார்ப்பது

முதலில் காலியாக ஓட்டி பெல்ட் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விலகினால் ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பெல்ட் சில சுற்று ஓடும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் முழுப் பாரத்தோடு நிறுத்தி, அதே பாரத்தோடு கிளப்புங்கள். வெளியே போட்டதென்றால் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து டிரம்மையும் பெல்ட்டையும் நனைத்து, பாரத்தோடு மறுபடி கிளப்புங்கள். மோட்டார் எடுக்கும் ஆம்பியரை மூன்று நிலையிலும் குறித்து, சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் அந்த எண்ணோடு ஒப்பிட்டால், ரோலர் இறுகிவிட்டதா பெல்ட் இறுக்கம் கூடிவிட்டதா என்று மெக்கானிக்குக்கு உடனே பிடிபடும்.

புது பெல்ட் முதல் சில வாரம் நீளும். அதற்கு இடம் விட்டு, டென்ஷன் போல்ட்டுக்குக் கன்வேயர் நீளத்தில் 2 சதவீதம் நகரும் தூரம் வையுங்கள், 10 மீட்டருக்கு 20 செ.மீ. ஒப்படைக்கும்போது இரண்டு ரோலர், ஒரு செட் பெல்ட் ஜாயின்ட் கிளிப், ஒரு பேரிங் ஆகியவற்றைக் கையோடு கொடுத்து, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று தேதியும் குறித்துக்கொண்டு வாருங்கள்.